தூரம் போய்வந்தால் இறங்கும் பேட்டரி: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள சுங்கை சிப்புட் சுற்றிலும் தோட்டங்கள் கொண்ட ஊர். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. லயத்து வீடுகள் பல காலியாகிவிட்டன. இருந்தாலும் சந்தை, பள்ளிக்கூடம், கோயில், கிளினிக் என்று எல்லாவற்றுக்கும் தோட்டத்துச் சனங்கள் ஊருக்குத்தான் வந்து போகிறார்கள். இங்கே ஓடும் கார்களில் நிறைய இருபது வயதைத் தாண்டியவை. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் சந்தை, அவ்வளவுதான் ஓட்டம்.

அதனால் "பேட்டரி போச்சு" என்று எங்கள் வயரிங் பட்டறைக்கு வரும் கார்களுக்குக் குறைவே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் காரணம் எளிது. பேட்டரிக்கு வயதாகியிருக்கும், நம் வெயிலில் இரண்டு ஆண்டு ஓடினாலே நல்ல பேட்டரி என்போம். இல்லையென்றால் நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில், ஏர்கோண்டும் விளக்கும் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்பி ஏறியிருக்காது. இங்கே பதிவு செய்வது அந்த இரண்டிலும் அடங்காத ஒரு கார்.

கார் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவருடையது. 1990களின் நடுப்பகுதியில் வந்த உள்நாட்டுத் தயாரிப்பு, 1.5 லிட்டர், மேனுவல் கியர், 45 ஆம்பியர்-மணி பேட்டரி. அவரும் ஆசிரியையான மகளும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். எங்களிடம் வந்தது ஆடி மாதத்தில். அந்த ஆண்டில் அதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போது இருந்ததும் காலையில் கார் கிளப்ப மறுத்தது.

எங்களிடம் வருவதற்கு முன்

முதலில் ஒரு கடையில் பேட்டரி பழையது என்று மாற்றினார்கள். பழையதுதான், தவறில்லை. சில வாரத்தில் மறுபடி இறங்கியது. அடுத்த கடையில் உத்தரவாதத்தில் வேறு பேட்டரி கொடுத்தார்கள், முனைகளைச் சுரண்டிக் கிரீஸ் தடவினார்கள், இஞ்சின் ஓடும்போது முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். 14.2 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டர் (இஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றும் கருவி) நன்றாக ஏற்றுகிறது என்று அதை அத்தோடு விட்டுவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் பழி அலாரத்தின் மேல் விழுந்தது. சைரன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். கார் அப்போதும் இறங்கியது.

இடையில் ஒருவர் செய்த சோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி, இஞ்சின் நிற்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று தீர்ப்புச் சொல்வது. நம் வட்டாரத்தில் இதைக் கைதேர்ந்தவர்கள்கூடச் செய்கிறார்கள். பேட்டரி இல்லாத அந்த நொடியில் ஆல்டர்னேட்டரின் வெளியீடு பல பத்து வோல்ட் வரை எகிறும்; அதற்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடையும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் கெடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. கார்புரேட்டர் காலத்து வண்டியாக இருந்தாலும் எங்கள் பட்டறையில் இதற்கு இடமில்லை.

முந்தைய மூன்று கடையிலும் பார்த்த பார்வை மேலோட்டமானது என்று சொல்ல மாட்டேன். கார் காலையில்தான் கிளம்பாமல் நிற்கும். பக்கத்து வீட்டு வேனிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, நாலு கிலோமீட்டர் ஓட்டி வருவார்கள். பட்டறையில் பேட்டரியைக் கழற்றி இரவெல்லாம் சார்ஜில் போடுவார்கள். மறுநாள் காலையில் திரும்ப மாட்டித்தான் எதையும் அளப்பார்கள். அதற்குள் கார் முழுதாக ஆறிப்போயிருக்கும். இந்த ஒரு விஷயம் பின்னால் முக்கியமாயிற்று.

முதலில் பார்த்தவை

பேட்டரி வந்தபோது 11.4 வோல்ட். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.4 என்பது காலி. மெதுவாக, 4 ஆம்பியரில், இரவு முழுக்க ஏற்றினோம். மறுநாள் 12.5 வந்தது. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது 9.2-க்கு விழுந்தது. சுழலும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது என்பது பொது அளவு. வாங்கிச் சில மாதமே ஆன பேட்டரி இப்படி விழுந்தால் அதைப் பலமுறை அடிவரை காலியாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். காலியாகவே கிடக்கும் ஈய பேட்டரியில் தகடுகளின் மேல் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

ஆக, பேட்டரியும் கெட்டுத்தான் இருந்தது. ஆனால் அது விளைவு. இன்னொன்றை மாற்றிக் கொடுத்து அனுப்புவது எளிது, உரிமையாளரும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "தம்பி, நல்ல பிராண்டா பாத்து போட்டுடுங்க, இதோட போதும்" என்றார். காரணம் தெரியும்வரை புதியது போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். போட்டால் அதையும் இதே நோய் தின்றுவிடும்; அப்போது பேட்டரிக் கடைக்காரரோடுதான் அவருக்குத் தகராறு வரும்.

கசிவை, அதாவது எல்லாம் அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை, அளந்தோம். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, போனட் விளக்கு இல்லை என்று உறுதிசெய்து, கறுப்பு முனைக்கும் வயருக்கும் நடுவே 10 ஆம்பியர் அளவில் மீட்டர். அலாரம் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் விட்டோம். 34 மில்லியாம்பியர். அலாரமும் ரேடியோவின் நினைவும் சேர்ந்தால் அவ்வளவு வரும். 50 வரை யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 0.8 ஆம்பியர்-மணிதான் போகிறது. இந்தக் கணக்கில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும்.

ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தது. மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) அளவுக்கு மாற்றி முனைகளில் வைத்தபோது 0.04 வோல்ட். டயோடு ஒன்று போயிருந்தால் இந்த ஏசி அலை அரை வோல்ட்டைத் தாண்டும் என்பதால் இந்தச் சோதனையை நாங்கள் விடுவதில்லை. அதிலும் குறை இல்லை. பூட் விளக்கு, கிளவ் பாக்ஸ், ஹார்ன் ரிலே, பின்னால் போட்ட ரேடியோ வயரிங், எல்லாம் பார்த்தாயிற்று. ஆறிய காரில் கோளாறு என்று எதையும் காட்ட முடியவில்லை.

கிராணியின் காலண்டர்

இந்த இடத்தில் பட்டறையில் வழக்கமாக நடப்பது: ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது, அல்லது சந்தேகத்துக்கு எதையாவது மாற்றுவது. அதற்கு முன் எந்தெந்த நாள் இறங்கியது என்று உரிமையாளரிடம் கேட்டோம். "ஞாபகம் எதுக்கு, எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

முப்பது வருடம் செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) எழுதிய கை. மறுநாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரையே கழற்றிச் சுருட்டிக் கொண்டுவந்தார். கட்டங்களுக்குள் பென்சிலில் பொடி எழுத்து. பெட்ரோல் போட்ட நாள், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். கார் கிளம்பாத நாளில் "பே" என்று எழுதி ஒரு வட்டம். ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று போன இடங்களும் இருந்தன, மனைவியின் கண் மருத்துவமனைத் தவணை உட்பட.

பட்டறைப் பையன்தான் முதலில் கவனித்தான். "அண்ணே, வட்டம் போட்ட நாளுக்கு முந்தின கட்டத்தப் பாருங்க." எடுத்துப் பார்த்தால், ஒன்றைத் தவிர ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் ஒரு தூரப் பயணம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் முதல் வட்டம். கண் மருத்துவமனைக்குப் போய்வந்த மறுநாள் ஒன்று. பினாங்கில் ஒரு கல்யாணம். திரும்பி வந்து ஒரு நாள் முழுக்கக் கார் வீட்டிலேயே நின்றிருக்கிறது, அதற்கடுத்த நாள் சுத்தமாக உயிரில்லை. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடிய வாரங்களில் அந்த ஒன்றைத் தவிர வட்டமே இல்லை.

வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாகிறது. குட்டி ஓட்டத்தில் பேட்டரி இறங்கும், நெடுந்தூரம் ஓடினால் ஏறிவிடும் என்றுதான் எல்லோருக்கும் சொல்வோம். இந்தக் காரோ தூரம் போய் நன்றாக ஏறிய பிறகுதான் இறங்குகிறது. அப்படியானால் இறக்குவது சூட்டோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று.

ஒரே ஒரு வட்டம் மட்டும் இதில் பொருந்தவில்லை. முந்தைய நாள் எங்கும் போகவில்லை. மகளிடம் கேட்டபோது விவரம் வந்தது: அன்று பள்ளியில் பரிசளிப்பு விழா, கைக்குழந்தையோடு வந்த தோழியை உட்கார வைத்து, ஏர்கோண்ட் போட்டு, திடலில் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், ஏர்கோண்டால் சுமை அதிகம், முன்னால் காற்றும் வராது. நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட அதிகமாகவே சூடேறியிருக்கும். அந்த வட்டமும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

காலண்டரில் இன்னொன்றும் இருந்தது. பொங்கல் வாரத்தில் ஒரு கட்டத்தில் "ஆல்ட். மாற்றியது, பொட்டோங் கடை". பழைய ஆல்டர்னேட்டர் பேரிங் சத்தம் போட்டதால், ஜப்பானிலிருந்து வந்த வெட்டுக் காரிலிருந்து (பாகங்களுக்காக வெட்டி விற்கும் பழைய கார்) கழற்றிய ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். முதல் வட்டம் அதற்குச் சில வாரம் கழித்து. மாற்றிய ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

பேச்சு முடிந்து கிளம்பும்போது மகள் போகிறபோக்கில் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். இரவில் காரில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது என்று அவர் பிள்ளை பலமுறை சொல்லியிருக்கிறாள். அலாரம் விளக்குத்தான் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். "மின்னுதா, மின்னாம நிக்குதா?" என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. அலாரம் விளக்கு விட்டு விட்டு மின்னும்.

சூடாக அளந்தபோது

தற்காலிகமாக எங்கள் பேட்டரி ஒன்றை மாட்டினோம். காரை ஈப்போ வரை ஓட்டி, டவுன் நெரிசலில் கொஞ்சம் நிற்கவிட்டு, ஏர்கோண்டோடு திரும்பி வந்து நேரே பட்டறைக்குள் நிறுத்தினோம். இஞ்சினை அணைக்கும் முன்பே ஏசி அலையைப் பார்த்தோம்: 0.38 வோல்ட். காலையில் 0.04 இருந்தது. அரை வோல்ட்டை எட்டவில்லை என்றாலும், சூட்டில் ஒரே நாளில் இத்தனை மடங்கு உயர்ந்ததைச் சும்மா விட முடியாது.

அணைத்ததும் கறுப்பு வயரைச் சுற்றி டிசி கிளாம்ப் மீட்டரை (வயரை அறுக்காமல் வெளியிலிருந்தே மின்சாரத்தை அளப்பது) கவ்விவிட்டோம். முனையைக் கழற்றி மீட்டரை நடுவில் வைக்கும் முறையை இம்முறை வேண்டுமென்றே தவிர்த்தோம். ஒட்டிக்கொண்ட ரிலே போன்ற சில கோளாறுகள் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலே அடங்கிவிடும், பிறகு தேடினாலும் கிடைக்காது. கழற்றிக் கொண்டிருக்கும் நேரத்தில் சூடும் இறங்கும்.

கிளாம்ப் 1.3 ஆம்பியர் காட்டியது. சாவி கையில், கதவு சாத்தி, எல்லாம் அணைத்த நிலையில்.

பட்டறையின் விளக்கை அணைத்துவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தோம். பேட்டரிப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு, மிக மங்கலாக, இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. பகலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. குழந்தை பார்த்த சிவப்பு இதுதான்.

சாதாரணமாக ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்தக் கிளையில் போகிறது என்று தேடுவார்கள். இங்கே உள்ளே இருந்த எல்லா ஃபியூஸையும் எடுத்தும் 1.3 அசையவில்லை. ஃபியூஸ் பெட்டிக்குள் வராத பாதை இந்தக் காரில் இரண்டே: ஸ்டார்ட்டருக்குப் போவது, ஆல்டர்னேட்டருக்குப் போவது.

உறுதிப்படுத்திய விதம்

திருப்புளி ஒன்றை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் மூடிக்கு அருகே கொண்டுபோனோம். கடைசி ஓர் அங்குலத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது. நின்றுபோன இஞ்சினில் ஆல்டர்னேட்டர் காந்தமாக இருக்கக் கூடாது. உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரின் சுருளுக்கு மின்சாரம் போனால்தான் அது காந்தமாகும். சாவியை எடுத்ததும் அது நிற்க வேண்டும். பையன் திருப்புளியை இழுத்து இழுத்துப் பார்த்தான். பாடப்புத்தகம் பத்துப் பக்கம் சொல்வதை இந்த ஒரு இழுவை சொல்லிவிடுகிறது.

அடுத்து, ஆல்டர்னேட்டரின் பிளக்கை உருவினோம். மங்கலான விளக்கு அணைந்தது, ஆனால் கசிவு கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அதாவது வெளியிலிருந்து வயர் வழியாக யாரும் ரோட்டருக்கு ஊட்டவில்லை. ஊட்டம் உள்ளேயே நடக்கிறது. பிறகு பேட்டரி முனையைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை அவிழ்த்து டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, முனையைத் திரும்ப மாட்டினோம். கிளாம்ப் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுபடி தடித்த வயரைச் சேர்த்ததும் 1.1 வந்தது. ஒருமுறை அறுத்தும் கோளாறு திரும்பியதால் இது ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்றின் வேலை இல்லை, சூட்டின் வேலைதான் என்பது தெளிவாயிற்று.

உள்ளே நடந்தது இதுதான். ஆல்டர்னேட்டரில் உற்பத்தியாகும் மின்சாரத்தை ஒரே திசையில் பேட்டரிக்கு அனுப்பும் டயோடுகளில் ஒன்று, சூடானால் பின்பக்கமாகக் கசிந்தது. ஆறிய நிலையில் அதற்குக் குறையே இல்லை. சிலிக்கான் டயோடின் எதிர்க்கசிவு சூடு ஏற ஏற வேகமாகப் பெருகும். நல்ல டயோடில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு, பழுதுபட்டதில் அப்படி இல்லை. கசிந்த மின்சாரம் சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளுக்குள் போய், அங்கிருந்து ரோட்டருக்கு ஊட்டும் மூன்று குட்டி டயோடுகள் வழியாக ரெகுலேட்டரை எழுப்பிவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, வோல்ட் குறைவாக இருக்கிறது என்று எண்ணி ரெகுலேட்டர் ரோட்டருக்கு வழி திறந்தது. அதே கசிவில் ஒரு சிறு பங்கு எச்சரிக்கை விளக்கு வழியாகப் பின்னோக்கி ஓடி அதை மங்கலாக எரியவிட்டது.

கசியும் டயோடு சில வாட் வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது, ரோட்டர் சுருளும் அப்படியே. எனவே போதிய சூட்டோடு நிறுத்தினால் அந்தச் சூட்டிலேயே அது இரவெல்லாம் கசிந்துகொண்டிருக்கும். நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூட்டை எட்டுவதில்லை, கசிவு தொடங்குவதே இல்லை. மாலை ஆறு மணிக்கு நிறுத்திக் காலை ஆறுக்கு எடுத்தால் ஏறத்தாழ 15 ஆம்பியர்-மணி போயிருக்கும். புதுப் பேட்டரி அதைத் தாங்கிக் கிளப்பிவிடும். பலமுறை காலியாகிப் பாதி கொள்ளளவு போனது தாங்காது. பினாங்கு கல்யாணம் முடிந்து நடுவில் ஒரு நாள் நின்றபோது எந்தப் பேட்டரியும் தப்பியிருக்காது.

எடுத்த முடிவுகள்

வழிகள் மூன்று இருந்தன. இன்னொரு வெட்டுக் கார் ஆல்டர்னேட்டர், புத்தம்புது ஆல்டர்னேட்டர், அல்லது இருப்பதைப் பிரித்து டயோடு தகட்டையும் ரெகுலேட்டரையும் மாற்றுவது. உரிமையாளர் முதலில் விரும்பியது முதலாவதை, விலை குறைவு என்பதால். நாங்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம், மேசையில் வைத்து ஆறிய நிலையில் சோதித்தால் இப்போது இருப்பதும் தேர்ச்சி பெற்றுவிடும். காரில் மாட்டி, சூடாக்கி, கழற்றி என்று ஒவ்வொன்றையும் பரிசோதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. புதியது அவருடைய சேமிப்பில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். பேரிங்கும் சுருள்களும் நல்ல நிலையில் இருந்ததால் மூன்றாவது வழியைச் சொன்னோம்.

ரெகுலேட்டர் கெட்டிருந்ததா என்றால், இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. ஆனாலும் இரண்டையும் மாற்றினோம். திரும்பப் பிரிப்பதற்கான கூலி அந்தப் பாகத்தின் விலையைவிட அதிகம், இரண்டும் ஒரே வயது. முந்தைய கடையில் ஓடும் இஞ்சினில் முனை கழற்றிய சோதனையில் ரெகுலேட்டரும் அடி வாங்கியிருக்கலாம். இதை வீண் செலவு என்று சொல்லும் வயரிங்காரர்கள் உண்டு. அவர்கள் வாதமும் நியாயம்தான்; நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

டயோடு தகடு ஊரில் இல்லை, ஈப்போவிலிருந்து வர வேண்டும். அதுவரை குடும்பத்துக்குக் கார் வேண்டும். பேட்டரியின் கறுப்பு முனையில் கையால் திருகும் துண்டிப்பான் ஒன்றை மாட்டிக் கொடுத்தோம். தூரம் போய்வந்த இரவில் மட்டும் அதைத் திருகி எடுத்துவிட வேண்டும். இஞ்சின் ஓடும்போது அதைத் தொடவே கூடாது என்று மகளிடமும் பெரியவரிடமும் தனித்தனியாகச் சொன்னோம். "அது தெரியும் தம்பி, ஆனா போன தடவ அந்தக் கடையில அப்படித்தான கழட்டினாங்க?" என்று அவர் கேட்டபோது பதிலைச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம்.

அவசரத்துக்கு வேனிலிருந்து கேபிள் போடும் முறையையும் காட்டினோம். கறுப்பின் கடைசிக் கவ்வியை இறங்கிய பேட்டரியின் முனையில் போடாமல், பேட்டரியிலிருந்து தள்ளி இஞ்சினின் உலோகத்தில் போட வேண்டும். கடைசியாகச் சேர்க்கும் இடத்தில்தான் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். அவர்கள் இவ்வளவு நாளும் முனையிலேயே போட்டுவந்திருக்கிறார்கள்.

பேட்டரி விஷயத்தில், பழுது சரியாகி ஒரு தூரப் பயணம் முடிந்த பிறகுதான் புதியது என்று வைத்தோம். எங்கள் பேட்டரி அதுவரை இரவலாகக் காரிலேயே இருந்தது.

பின்னர் நடந்தது

தகடு வந்ததும் பிரித்தோம். கழற்றிய டயோடுகளை மல்டிமீட்டரின் டயோடு அளவில் வைத்தபோது ஆறும் நல்லதாகவே காட்டின. பையன் ஏமாந்துபோனான். சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் தகட்டைச் சூடாக்கி, 12 வோல்ட்டைத் தலைகீழாக ஒரு சிறு பல்பின் வழியாகக் கொடுத்தோம். ஒன்றில் மட்டும் பல்பு மெல்ல எரியத் தொடங்கியது, ஆற ஆற அணைந்தது. மீட்டர் டயோடைச் சோதிக்கும் மின்னழுத்தம் மிகக் குறைவு, மின்சாரமும் மில்லியாம்பியர்தான். இப்படிப்பட்ட கசிவு அதில் தெரியாது.

மாட்டி முடித்து அதே பாதையில், ஈப்போவுக்கு, அதேபோல் ஏர்கோண்டோடு ஓட்டினோம். சூட்டோடு நிறுத்தி அளந்தபோது ஏசி அலை 0.05 வோல்ட், கிளாம்பில் கசிவு 30 மில்லியாம்பியர் சுற்றில். இந்த அளவுக்குக் கிளாம்ப் துல்லியமில்லை என்பதால் மீட்டரை நடுவில் வைத்தும் பார்த்தோம்: 34. திருப்புளி ஒட்டவில்லை. காலையில் பேட்டரி 12.6.

அதன்பின் புதிய பேட்டரி போட்டார்கள். அலாரத்தின் சைரன் வயரைத் திரும்பச் சேர்த்தோம். அது ஒரு பாவமும் அறியாதது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு பினாங்கு போய்வந்து, மறுநாள் மழையில் கார் நின்று, அதற்கடுத்த நாள் முதல் சுற்றிலேயே கிளம்பியதாக உரிமையாளர் சொன்னார். காலண்டரில் அந்த நாளுக்கு நேரே கிலோமீட்டர் மட்டும்தான் எழுதியிருந்தது.

பட்டறையில் மாற்றிக்கொண்டவை

வேலைச்சீட்டில் பேட்டரிப் புகாருக்கென்று இரண்டு வரி சேர்த்தோம்: இறங்கியதற்கு முந்தைய நாள் கார் எவ்வளவு தூரம் ஓடியது, கடைசி ஆறு மாதத்தில் மின் பாகம் எதையாவது மாற்றினார்களா. முதல் வரிக்குப் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. அவர்களிடம் ஒரு காலண்டரையும் பென்சிலையும் கொடுத்து இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். அப்படிக் கேட்பதில் சிலருக்குக் கோபம் வருகிறது.

பேட்டரியைக் கழற்றி இரவெல்லாம் சார்ஜில் போட்ட பிறகு, மறுநாள் காலையில் எடுக்கும் அளவை மட்டும் வைத்துக் "கசிவு இல்லை" என்று இனி எழுதுவதில்லை. ஆறிய அளவு, சூடான அளவு, இரண்டும் சீட்டில் இருக்க வேண்டும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் முழுதாக உறங்க அரை மணியும் அதற்கு மேலும் ஆகும் என்பதால், அவற்றில் சூடாக அளப்பது இதைவிடச் சிக்கலானது. நிறுத்தியவுடன் வரும் அளவைக் கசிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் மட்டும் கிளாம்பைக் கவ்வுகிறோம். அதில் இஞ்சின் நின்ற பிறகு எதுவும் ஓடக் கூடாது, கம்ப்யூட்டர் உறங்கினாலும் விழித்திருந்தாலும்.

கூலிக் கணக்குத்தான் இன்னும் தீரவில்லை. சூடான சோதனைக்கு ஒரு கார் அரை நாளைத் தின்கிறது, பெட்ரோலும் போகிறது, பெரும்பாலான கார்களில் கடைசியில் சாதாரணக் காரணம்தான் வரும். இப்போதைக்கு, ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது பேட்டரி கேட்டு வரும் காருக்கு மட்டும் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி, அதன் கூலியை முன்கூட்டியே சொல்லி, சம்மதித்தால் செய்கிறோம். ஒரு பேட்டரியின் விலையில் பாதிக்கும் கீழேதான் அது வருகிறது.